மனப்பாடமான மனோரதம்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் வினாத்தாளில் ஒரு சிறு படத்தை அச்சிட்டு, 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று மாணவர்களைக் கேட்கிறார்கள். அதற்கு மதிப்பெண் ஐந்து. 2019-ஆம் ஆண்டில் புதிய பாடநூல் வந்தபோது அதனோடு சேர்ந்து வந்த வினா இது. இதைப் புகுத்தியவர் யாராயிருந்தாலும் அவர் குழந்தைகளிடத்தில் அன்புடையவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. பத்து வருஷ காலம் பிறர் எழுதியதைப் படித்து, பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்லி வந்த ஒரு பிள்ளை, பள்ளி வாழ்க்கையின் முதற் பெரும் பரீட்சையிலாவது, ஐந்து மதிப்பெண்ணின் அளவுக்காவது, தன் கண்ணால் ஒன்றைப் பார்த்துத் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்ற நல்ல உத்தேசம் அதிலே இருக்கிறது.

அந்த உத்தேசம் என்ன கதியை அடைந்தது என்று சொல்ல, முப்பத்தைந்து ஆண்டு தமிழாசிரியனாக உத்தியோகம் பார்த்த எனக்குத் தகுதியும் உண்டு, வெட்கமும் உண்டு. எந்தப் படம் வந்தாலும் எழுதத்தக்கதாக ஒரு கவிதை தயாராகிவிட்டது. மழை பெய்கிற படமா, மரம் நடுகிற படமா, கிழவியின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க உதவும் சிறுவனின் படமா, எதுவாயினும் சரி. அழகை வியந்து தொடங்கி, இயற்கையை இரண்டு வரி போற்றி, மனிதநேயத்தை ஒரு வரி தொட்டு, தமிழன்னைக்கு ஒரு வணக்கத்தோடு அது முடிந்துவிடும். படத்தை ஏறெடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரம் பூட்டுக்கு ஒரே திறவுகோல் அடித்த அந்தக் கொல்லர் யாரோ, அவருடைய சாமர்த்தியத்தை நான் மெச்சவே செய்கிறேன். பாடலின் நயம் பாராட்டுவதற்கும் இப்படியே ஒரு சாவி உண்டு: எதுகைக்கு ஒரு வாசகம், இயைபுக்கு ஒரு வாசகம், மோனையை எப்படியோ யானையோடு முடிச்சுப் போடும் ஒரு வாசகம், பாட்டு எதுவானாலும் பாராட்டு ஒன்றே. இவற்றையெல்லாம் விட விசித்திரம் ஒன்று சொல்கிறேன். பள்ளியில் நான் நடந்துகொள்ளும் விதம் எப்படி, வீட்டில் நான் நடந்துகொள்ளும் விதம் எப்படி என்று பட்டியலிடும்படி பாடநூல் ஓரிடத்தில் கேட்கிறது. தன் வீட்டில் தான் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைக் கைடைப் பார்த்து உருப்போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் இந்தக் கண்களால் கண்டிருக்கிறேன்.

2022-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு வகுப்புத் தேர்வுக்கு நானே படம் ஒன்றைத் தேர்ந்து கொடுத்தேன். டெல்டாப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான காட்சியாக இருக்கட்டும் என்று, சேற்று வயலை டிராக்டர் உழுவதும், அதன் பின்னால் வெள்ளைக் கொக்குகள் இறங்கி நடப்பதுமான படம். முப்பத்தெட்டு விடைத்தாள்களில் பெரும்பாலானவற்றில் மேற்படி கவிதையே அட்சரம் பிசகாமல் இருந்தது. ஒரு பையன் மட்டும், படிப்பில் நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே நிற்பவன், இப்படி எழுதியிருந்தான்: 'டிராக்டர் உழுகிறது. கொக்கு பின்னால்தான் வருகிறது. முன்னால் வராது, ஏன் என்றால் புழு பின்னால்தான் கிடைக்கும். டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. எங்கள் வயலில் உழும்போது அப்பா வரப்பில் நின்றுகொண்டு போனில் மணி பார்த்துக்கொண்டே இருப்பார். இந்தப் படத்தில் அப்பா இல்லை.'

எதுகை இல்லை, மோனை இல்லை, உவமை இல்லை. றகரத்தில் இரண்டு பிழை வேறு. நான் இரண்டு மதிப்பெண் போட்டேன். அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அது என்னை விட்டுப் போகவில்லை. ஒரு குடியானவனுடைய முதலும், கடனும், நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுகிற வாடகையைக் கண்டு அவன் படுகிற திகிலும் எல்லாம், படத்திலே இல்லாத ஒரு மனிதனைச் சுட்டிக்காட்டியதன் மூலம் அங்கே வந்து நின்றுவிட்டன. இலக்கணமும் இலக்கியமும் இத்தனை காலம் கற்ற நான் நாலு நாள் உட்கார்ந்து யோசித்தாலும் அப்படி ஒரு வாக்கியம் எனக்கு வராது.

இக்காலத்து வாலிபர்களுக்கு இலட்சியமே இல்லை என்று ஒரு சாராரும், இலட்சியம் என்ற பேரால் சம்பாத்திய ஆசை ஒன்றே மிஞ்சிவிட்டது என்று மற்றொரு சாராரும் பட்டிமன்ற மேடைகளில் வழக்காடுவதைக் கேட்கும்போதெல்லாம், இரு கட்சியாரும் விஷயத்தின் வாசலுக்கே வரவில்லை என்று எனக்குத் தோன்றும். இலட்சியம் என்பது பிள்ளைகளிடத்தில் இல்லாமற் போகவில்லை. அது அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. தான் கண்டதைத் தன் சொல்லால் ஒரு தடவையேனும் சொல்லிப் பார்த்திராத ஒருவன், தனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எப்படிச் சொந்தமாக அறிவான்? ஆசை என்பது மனத்துக்குள் முழு உருவமாக முன்னமே இருந்து, வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருப்பதன்று. சொல்லிப் பார்க்கிறபோதுதான் அது இன்னதென்று நமக்கே தெரியவருகிறது. ஆகையால் சொந்த வாக்கியம் இல்லாத இடத்தில் சொந்த இலட்சியம் முளைக்கும் என்று நாம் எதிர்பார்ப்பது, நாற்றங்கால் விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிடுகிற காரியமேயாகும்.

'என் இலட்சியம்' என்ற தலைப்பில் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை, என் உத்தியோக காலத்தில் ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. துணைத்தலைப்புகளுக்குக் கறுப்பு மை. அடியில் பென்சிலால் ஒரு கோடு. அவற்றிலே பாதிப்பேர் மருத்துவராகி ஏழைகளுக்கு இலவச சிகிச்சை செய்தார்கள். மீதிப்பேர் கலெக்டராகி ஊழலை ஒழித்தார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மே மாதத்திலும், மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாணவ மாணவியரின் புகைப்படங்கள், வாயில் இனிப்பை ஊட்டும் பெற்றோர் சகிதம் பத்திரிகைகளில் வெளியான காலத்தில், அவர்கள் அளித்த பேட்டிகளும் இக்கட்டுரையின் மறுபதிப்புகளாகவே இருந்தன. 2017-இல் அரசாங்கம் இந்த முதலிட அறிவிப்பை நிறுத்திவிட்டது, நல்ல காரியம்தான். படங்கள் நின்றன, கட்டுரை நிற்கவில்லை. நான் அந்தப் பிள்ளைகளைப் பரிகாசம் செய்யவில்லை. ஏழைக்கு வைத்தியம் செய்ய நினைப்பது உயர்ந்த எண்ணமே. ஆனால் ஓர் எண்ணம் உயர்ந்ததாயிருப்பது வேறு, அது தன்னுடையதாயிருப்பது வேறு.

இந்த நிலைமைக்குக் காரணம் ஆசிரியர் மட்டுமல்ல, கைடு மட்டுமல்ல. 1984-ஐ ஒட்டிச் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் தமிழ்நாட்டில் தோன்றத் தொடங்கி, ஒரு காலத்தில் ஐந்நூற்றுக்கும் மேலே பெருகின. கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்ந்து நூறு, ஆக இருநூறு என்று 'கட்-ஆஃப்' கணக்கு ஒன்று குடும்பங்களுக்குள் புகுந்து, ஜாதகக் கட்டத்துக்கு அடுத்தபடியான ஸ்தானத்தைப் பெற்றது. அந்த இருநூற்றுக்குள் தமிழுக்கு இடமில்லை. மொழிப்பாடத்தில் தேறினாற் போதும் என்றான பின், தமிழ்ப் பாடவேளையைக் கணிதமும் வேதியியலும் கடன் வாங்கின. அந்தக் கடன் எங்கும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்திலே தோன்றிப் பிற மாவட்டங்களுக்கும் பரவிய விடுதிப் பள்ளிகளில், பதினோராம் வகுப்புப் பாடத்தை அப்படியே தாண்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷமும் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்போன அந்தச் சீமையிலே அப்பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்கள் பெயர் வைத்தது, எந்தக் கல்விக் கமிஷனும் சொல்லாத உண்மையை இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டது. இதைத் தடுப்பதற்கென்றே பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2017-இல் உத்தரவாகி, 2018-இல் முதல் தேர்வு நடந்தது. 2025-இல் அத்தேர்வு வேண்டாம் என்று கைவிடப்பட்டது. வைத்தியர் மருந்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். நோயாளியை யாரும் இன்னும் பேசவிடவில்லை.

எனினும் ஓர் ஆக்ஷேபத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். தகப்பனும் பாட்டனும் பள்ளிக்கூட வாசலை மிதித்திராத வீட்டிலிருந்து ஒரு பெண் படிக்க வருகிறாள். வீட்டில் ஒரு புஸ்தகம் கிடையாது, சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. அவளுக்குக் கைடு என்பது சோம்பேறியின் ஊன்றுகோலன்று, ஏழையின் டியூஷன் அது. ஐந்து மதிப்பெண்ணைச் 'சொந்தச் சொல்' என்ற பேரால் அவள் இழக்க வேண்டும் என்று உபதேசிக்க, இங்கிலீஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? இது நியாயமான ஆக்ஷேபம். ஆனால் இந்த நியாயமே என் கட்சிக்கும் பலம் சேர்க்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சும் பழக்கமும் வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன; பாட்டு வகுப்பு, சித்திர வகுப்பு, நாலு ஊர்ப் பிரயாணம், சாப்பாட்டு மேஜையில் அபிப்பிராயம் சொல்லும் சுதந்திரம். இவள் தன் அபிப்பிராயத்தைச் சொல்லக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடம். அங்கேயும் பிறர் அபிப்பிராயத்தையே அவள் கையில் எழுதிக் கொடுத்துவிட்டால், மதிப்பெண் ஏணியில் ஏறி நேர்முகத் தேர்வுக்குப் போய் நிற்கும் நாளில், 'உன்னைப் பற்றிச் சொல்' என்ற முதற் கேள்விக்கே அவள் தவித்துப்போவாள்.

மனப்பாடத்தை நான் நிந்திக்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. நம்முடைய பழைய கல்வியின் முதுகெலும்பே அதுதான். உத்தமதானபுரத்துச் சாமிநாதையர் பதினேழாவது பிராயத்தில் மாயூரத்துக்குப் போய் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து பாடம் கேட்ட நாட்களில், அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் தலபுராணமுமாகக் கணக்கற்ற நூல்களைப் பயின்று நினைவில் தாங்கினார். தமிழ் படித்து என்ன பயன், இங்கிலீஷ் படித்தால் இம்மைக்கு உதவும், வடமொழி படித்தால் மறுமைக்கு உதவும் என்று உறவினரும் ஊராரும் சொன்னதை அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அன்றைக்கும் 'கட்-ஆஃப்' கணக்கு வேறு பெயரில் இருந்திருக்கிறது என்று இதனால் தெரிகிறது. ஆனால் பிள்ளையின் மாணவர்கள் படித்ததோடு நின்றவர்களல்லர்; செய்யுள் இயற்றவும் பழகினார்கள், ஆசிரியர் அதைக் கேட்டார், திருத்தினார். பிறருடைய பாட்டை மனனம் செய்வது வித்தை. தன்னுடைய கருத்தைப் பிறரிடமிருந்து வாங்கி மனனம் செய்வது என்ன வித்தையோ, அதற்குப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

சாமிநாதையரின் கதையில் நான் முக்கியமாக நினைப்பது அதற்கு அடுத்த கட்டத்தை. 1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டே, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனபோது, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார்; ஐயர் தாம் படித்த நூல்களை வரிசையாக அடுக்கினார். முதலியாரோ சிறிதும் பிரமிப்பு அடையாமல், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணியைப் பார்த்ததுண்டா என்ற பொருளில் திருப்பிக் கேட்டார். ஐயருக்கு உள்ளூர வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்திலிருந்து சுவடி தேடலும், பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்து ஜைனர்களிடம் போய்க் கேட்டறிதலும், ஏழாண்டு உழைப்பும் பிறந்து, 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. ஒரு மனிதனுடைய வாழ்நாள் இலட்சியம் ஒரு கேள்வியிலிருந்து பிறந்த இடம் இது. படித்தேன் என்றவரைப் பாராட்டி அனுப்பிவிடாமல், அவரை நிறுத்தி வைத்து மேலும் கேட்ட ஒருவர் அங்கே இருந்தார். நம்முடைய வகுப்பறைகளில் இல்லாமற் போனது அந்த முதலியார்தான்.

பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் பேசாமலில்லை. கையடக்கப் போனில் அரை நிமிஷ ரீல்ஸ் எடுத்து வெளியிடுகிறார்கள். ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், சமைத்துக் காட்டுகிறார்கள், அப்பாவைக் கேலி செய்கிறார்கள். இதைக் கண்டு பெரியோர்கள் முகம் சுளிப்பதில் நான் சேரமாட்டேன். திருத்துவோர் இல்லாத, மதிப்பெண் இல்லாத ஓர் இடம் கிடைத்ததும் வாய் திறக்கிறார்கள், அவ்வளவுதான். என் வருத்தமெல்லாம் வேறு. அங்கேயும் இந்த வாரம் ஓடுகிற பாட்டு எதுவோ அதற்கே எல்லாரும் வாயசைக்க வேண்டும், எல்லாரும் ஒரே மாதிரி கையைத் திருப்ப வேண்டும். அதற்கு 'டிரெண்டிங்' என்று பேர். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற எட்டு வரிக் கவிதையை உருப்போட்ட தலைமுறைக்கு எந்த முகத்துக்கும் பொருந்துகிற அரை நிமிஷ ஆட்டம் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. போனைக் குற்றம் சொல்லுமுன் வினாத்தாளை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நலம்.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. சிறுவர் இதழ்கள் வருகின்றன. எந்தப் படிப்புக்கு எங்கே போகலாம் என்று கிராமத்துப் பிள்ளைக்கு வழிகாட்ட 'நான் முதல்வன்' என்ற திட்டம் வந்திருக்கிறது. மேடை ஏறிப் பறையடித்த ஒரு பையனின் முகத்தில் நான் கண்ட வெளிச்சத்தை எந்த மதிப்பெண் பட்டியலிலும் கண்டதில்லை. ஆயினும் இவையெல்லாம் விடைத்தாளுக்கு வெளியே நடக்கின்றன. விடைத்தாளுக்குள் பழைய ராஜாங்கமே நடக்கிறது.

டிராக்டர்ப் படத்துக்குப் பிறகு, ஓய்வு பெறுவதற்கு முந்திய கடைசி ஆண்டில், ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, நேற்று வீட்டிலோ வழியிலோ கண்ட ஏதாவது ஒன்றை எழுதுங்கள் என்றேன். மதிப்பெண் கிடையாது, பிழை திருத்தமும் கிடையாது. ஒவ்வொரு தாளிலும் கீழே நான் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுப்பேன். முதல் மூன்று வாரம் கதிரவன் உதித்தான், புள்ளினங்கள் பாடின. புள்ளினம் என்றால் எது, காக்கையா மைனாவா என்று கேட்டு எழுதினேன். நாலாவது வாரம் ஒருவன், இலவச பஸ் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைக் கண்டால் டவுன் பஸ் சற்றுத் தள்ளிப் போய் நிற்பதையும், எல்லாரும் ஓடுகையில் செருப்பு அறுந்தவன் மட்டும் பின்தங்குவதையும் எழுதினான். ஒரு பெண், எழுத்தறியாத தன் பாட்டி மாத்திரைகளை நிறத்தை வைத்து அடையாளம் கண்டு சாப்பிடுவதையும், மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தபோது நிறம் மாறிப்போகவே, இது என் மாத்திரை இல்லை என்று பாட்டி இரண்டு நாள் சாப்பிடாமலே இருந்துவிட்டதையும் எழுதினாள். பாட்டியிடம் நீ என்ன சொன்னாய் என்று நான் கீழே கேட்டிருந்தேன். அதற்குப் பதில் எழுதாமல் அடுத்த வாரம் அவள் என்னையே ஒரு கேள்வி கேட்டாள்: 'மாத்திரைக்கு நிறம் வைப்பது யார், ஐயா?'

மருத்துவராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன் என்று அவள் எழுதவில்லை. அவள் பிறகு எந்தப் பாடப்பிரிவில் சேர்ந்தாள் என்பதும் இங்கே விஷயமன்று. ஆனால் என் ஆயுளில் நான் திருத்திய 'என் இலட்சியம்' கட்டுரைகள் அனைத்தையும் ஒரு தட்டிலும் அந்த ஒரு கேள்வியை மறுதட்டிலும் வைத்தால், தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

டிராக்டரைப் பற்றி எழுதிய பையன் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் தாளை நான் திருப்பிக் கொடுத்த அன்று, இரண்டு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துக்கொண்டான். பிப்ரவரி மாதம் திருப்புதல் தேர்வு வந்தது. அதிலே ஒரு குயவர் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் படம். அவன் அந்த எட்டு வரிக் கவிதையை, தமிழன்னையின் வணக்கம் உட்பட, றகர ரகரப் பிழை ஒன்றுகூட இல்லாமல், தலைப்புக்குக் கறுப்பு மையிட்டு, அடியில் பென்சிலால் கோடும் போட்டு எழுதியிருந்தான். நான் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.